காப்பிக் காசும் 'ஒன் டூ ஜாகா'வும்



கொரியத் திரைப்படங்களைப் பார்க்கும் வழக்கம் இப்போது நம் ஆசிரியர் அறைகளிலும் புகுந்துவிட்டது. முன்பெல்லாம் ஓய்வு நேரத்தில் தமிழ்த் தொடர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆசிரியைகள் இன்று கொரிய நடிகர்களின் பெயர்களைப் பிழையின்றி உச்சரிக்கிறார்கள். எனக்கு அதில் நாட்டம் குறைவு. ஆயினும், ஈப்போவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் விடாமல் வற்புறுத்தியதால், சென்ற பள்ளி விடுமுறையில் 'தி அன்ஜஸ்ட்' என்னும் படத்தைப் பார்த்தேன். ரியூ சுங் வான் இயக்கி 2010-இல் வெளிவந்தது. காவல் துறையின் ஊழலைப் பேசும் படம்.

கதை இதுதான். பள்ளிச் சிறுமியரைக் கடத்திக் கொல்லும் ஒருவனை நாடே தேடுகிறது. சந்தேகத்திற்குரியவன் காவலர் கையால் இறந்துபோகிறான். மேலிடத்திற்கோ ஒரு குற்றவாளி உடனே வேண்டும். எனவே ஒருவனை 'உருவாக்கும்' பொறுப்பு ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் திறமைசாலி, ஆனால் காவலர் கல்லூரியில் படித்துவராதவர் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்டவர். அந்த உயர்வுக்காக அவர் குண்டர் தலைவன் ஒருவனோடு கைகோக்கிறார். அவரைப் பிடிக்க வரும் அரசு வழக்கறிஞரோ வேறொரு தொழிலதிபரின் கைக்குள் இருக்கிறார். யாரும் யாரையும் பிடிக்க முடியாதபடி எல்லாருடைய மடியிலும் கனம் இருக்கிறது.

இதே இயக்குநர், இதே ஹுவாங் ஜுங் மின்னை வைத்து, 2015-இல் 'வெட்டரன்' என்ற படத்தையும் எடுத்தார். அதில் அவர் எதற்கும் விலைபோகாத காவலர். பெரும் பணக்காரர் வீட்டுப் பிள்ளையைத் துரத்திப் பிடிக்கிறார். அதைக் கொரியாவில் 1 கோடியே 30 இலட்சம் பேருக்கும் மேல் திரையரங்குகளில் பார்த்தார்கள். அழுக்கைக் காட்டிய படத்தை விட அழுக்கை அடித்து நொறுக்கிய படத்திற்குத்தான் கூட்டம் அதிகம். நம்மவர்களும் அப்படித்தானே? 'சிங்கம்' படத்துக் காவலரைப் போல் மீசை வரைந்துகொண்டு மாறுவேடப் போட்டிக்கு வந்த சிறுவர்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். 'விசாரணை' படத்தைப் பார்த்துவிட்டு எந்தச் சிறுவனும் அப்படி வரவில்லை. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் பட்ட வதையை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த அந்தப் படத்திலும், வழக்கை முடிப்பதற்காகக் குற்றவாளிகள் 'உருவாக்க'ப்படுகிறார்கள். சியோலும் குண்டூரும் அவ்வளவு தூரமில்லை.

ஆனால் இன்று நான் எழுத வந்தது இவற்றைப் பற்றியன்று. நம் நாட்டிலேயே இப்படியொரு படம் வந்ததை நம்மில் பலர் அறியவில்லை. அதன் பெயர் 'ஒன் டூ ஜாகா'. நம் ரோன் இயக்கி, புரோன் பலாரே தயாரித்து, 2018 செப்டம்பரில் திரைக்கு வந்தது. மறு ஆண்டு நடந்த 30-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான விருதையும் பெற்றது. மலாய்ப் படம் என்பதால் நம் வீடுகளுக்குள் வராமலே போய்விட்டது போலும்.

பெயரைக் கேட்டதும் ஆசிரியர்களுக்குப் புரிந்திருக்கும். நம் பள்ளித் திடலில் பிள்ளைகள் விளையாடும் திருடன் போலீஸ் விளையாட்டைப் போன்றதுதான் அது. ஓடு, ஒளி, பிடி. படமும் அப்படியே ஒரு விளையாட்டாகத்தான் நகர்கிறது. ஆனால் யார் திருடன், யார் போலீஸ் என்பது மட்டும் கலங்கிப்போகிறது.

கோலாலம்பூரில் சுற்றுக்காவல் வாகனமொன்றில் இரண்டு காவலர்கள். மூத்தவர் ஹசான்; கை நீட்டிப் பழகியவர். இளையவர் ஹுசேன்; புதிதாகச் சேர்ந்தவர், நேர்மையில் பிடிவாதம் உள்ளவர். இன்னொரு பக்கம் சுகிமான் என்னும் இந்தோனேசியத் தொழிலாளி, அவருடைய சிறு மகன் ஜோக்கோ, வேலை செய்த வீட்டை விட்டு ஓடிவந்து ஊர் திரும்பத் துடிக்கும் தங்கை சுமியாத்தி. இந்த இரண்டு பக்கங்களும் மோதிக்கொள்கின்றன. முடிவைச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது என்னவென்றால், இதில் மாளிகையில் அமர்ந்து சிரிக்கும் வில்லன் எவனும் இல்லை. சாலையோரத்தில் கைமாறும் சிறு சிறு நோட்டுகளே கதை. ஹசான் மீசையை முறுக்கி மிரட்டுகிறவர் அல்லர். அன்றாட வேலையைச் செய்வது போல் வாங்கிக்கொள்கிறார். அதை விடக் கசப்பானது, ஹுசேனின் நேர்மை யாரையும் காப்பாற்றவில்லை என்பது. விளைவை எண்ணாத அந்த நேர்மையே கேட்டை விரைவுபடுத்துகிறது. இதை ஒரு குறை என்று சொல்வோர் உண்டு. எனக்கு இதுவே படத்தின் உண்மை என்று தோன்றியது.

சுகிமானைப் பார்த்தபோது எனக்கு நம் தோட்டத்துப் பெரியவர்களின் நினைவு வந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அது நிர்வாகம் கொடுத்தது. கங்காணி வீட்டுக்குக் கோழியும் முட்டையும் போனதோ கணக்கில் வராதது; நல்ல நிரை கிடைக்கவும், பெயர் வெட்டப்படாமல் இருக்கவும் கொடுத்தது. பிறகு 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்று ஆனது. காலமெல்லாம் பால் வெட்டியவர்கள், பிறந்த ஊரை மறந்தே போனவர்கள், ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். தங்கியவர்களுள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளினார்கள். ஒரு தாள் இல்லாதவனைப் பார்த்து, தாள் உள்ளவன் கை நீட்டுவது எவ்வளவு எளிது! இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நிற்கும் இடத்தில் அன்று நாம் நின்றோம். இதை நம் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

இனி, இந்தப் படம் என்னை ஏன் விடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

ஐந்தாம் ஆண்டு நன்னெறிக் கல்வி வகுப்பு. பாடம் நேர்மை. சாலையில் காவலர் வாகனத்தை நிறுத்தினால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். 'வாகனத்தை ஓரமாக நிறுத்த வேண்டும்', 'உரிமத்தைக் காட்ட வேண்டும்' என்ற விடைகளை எதிர்பார்த்தேன், அவை வந்தன. பின் வரிசையில் இருந்து ஒரு மாணவன், கை உயர்த்தி, மிகுந்த மரியாதையோடு சொன்னான்: "லைசன்ஸுக்கு அடியில அம்பது வெள்ளிய மடிச்சு வைக்கணும் சார். மேல வச்சா தப்பு."

வகுப்பு சிரிக்கவில்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அவன் சொன்னதில் அவர்களுக்குப் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டொருவர் தலையும் அசைத்தார்கள். அன்று ஓய்வு நேரத்தில் திடலில் அவர்கள் திருடன் போலீஸ் விளையாடினார்கள். விளையாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவன் என்னிடம் கேட்டான்: "சார், காசு குடுக்குறவங்க எந்தப் பக்கம்?" விளையாட்டில் அப்படியொரு பக்கம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் அவன் தந்தையார் வந்தார். லாரி ஓட்டுகிறவர், தோட்டம் துண்டாடப்பட்டபோது குடும்பத்தோடு ஈப்போ புறநகருக்கு வந்தவர். மகனின் தமிழ்க் கட்டுரையைப் பாராட்டிவிட்டு, மெல்ல இதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பின் சீட்டுல தூங்குறான்னு நெனச்சேன் சார்" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இது எளிய கதை. அவர் நிறுத்தவில்லை. "சார், உங்கள நிறுத்துனா 'சிக்கு'ன்னு கூப்பிடுவாங்க. என்னய அப்படிக் கூப்பிட மாட்டாங்க. சம்மன் முந்நூறு வெள்ளி. அது ஒரு வாரத்து மளிகை. அது கூடப் பரவால்ல சார். ஸ்டேஷனுக்கு வான்னு சொல்லி உள்ள வச்சிட்டா, யாரு சார் வந்து கேப்பா? எனக்குக் கேக்க ஆளு இருக்கா?"

இதற்கு நான் என்ன விடை சொல்வது? அவர் அச்சம் வெறும் கற்பனையன்று. 2009 சனவரியில், 22 வயதே ஆன குகன் என்னும் இளைஞர் சுபாங் ஜெயாவில் காவலில் இறந்ததை நம் சமூகம் மறக்கவில்லை. முதல் பிரேதப் பரிசோதனையைக் குடும்பத்தார் ஏற்காமல் இரண்டாவது பரிசோதனை கேட்க வேண்டியிருந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் அவருடைய தாயாருக்கு 8 இலட்சம் வெள்ளிக்கும் மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள்! அதற்கும் முன்பே, 2004-இல் அமைக்கப்பட்ட துன் முகமட் சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், காவல் துறையைச் சீர்படுத்த 125 பரிந்துரைகளை 2005-இல் வழங்கியிருந்தது. காவலர் மீதான புகார்களைத் தன்னுரிமையோடு விசாரிக்கும் ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. அது கேட்ட வடிவில் வரவில்லை. 2009-இல் இயற்றிய சட்டத்தால் வேறொரு அமைப்பு வந்தது. அதன் இடத்தில் 2023 சூலையில் காவல் துறை ஒழுக்க ஆணையம் வந்தது. இதற்கு அதிகாரம் போதாது என்று வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

ஆக, அந்தத் தந்தை நீட்டிய ஐம்பது வெள்ளி பேராசையால் நீட்டியதன்று. அது அவர் அச்சத்தின் விலை. வசதியுள்ளவன் வேலையை விரைவாக முடித்துக்கொள்ளக் கொடுப்பதையும், இவர் வீடு போய்ச் சேரக் கொடுப்பதையும் நாம் 'காப்பிக் காசு' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். சட்டமும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே தண்டனைக்கு உரியவர்கள்: 20 ஆண்டு வரை சிறை, அதோடு கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு, அல்லது 10,000 வெள்ளி, இவற்றுள் எது அதிகமோ அந்த அபராதம். கையூட்டுக் கேட்கப்பட்டவர் அதைப் புகார் செய்யாமல் இருப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமே. இதை நான் அவரிடம் சொன்னபோது, "அம்பது வெள்ளிக்குப் பத்தாயிரமா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது கோபமா வியப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

நாணயமான காவலர்கள் ஏராளம். என் மாணவர்கள் சிலரே அச்சீருடையில் இருக்கிறார்கள்; தீபாவளிக்கு வீட்டிற்கு வந்து காலில் விழுகிறார்கள். அவர்களுள் ஒருவர் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. "சார், நம்ம ஆளுங்க பாதிப் பேரு நான் வாய திறக்குறதுக்குள்ள பையில கை விட்டுருவாங்க. எனக்கே வெக்கமா இருக்கும்." அவர்கள் ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன். "பேச மலாய் வராது சார். வந்தாலும் பயத்துல வராது."

மொழி! அது நம் வேலையல்லவா? நான் தமிழ் ஆசிரியன்தான். ஆனால் அடுத்த நன்னெறி வகுப்பில் பாடநூலை ஓரமாக வைத்துவிட்டுக் கரும்பலகையில் ஒரே ஒரு மலாய் வாக்கியத்தை எழுதினேன்: 'மாஃப், துவான். பெரி சமான் சாஜா.' மன்னியுங்கள் ஐயா, சம்மனையே கொடுங்கள். அவ்வளவுதான். சம்மனை அஞ்சலகத்தில் கட்டலாம், கைப்பேசி வழியாகவும் கட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு பாகமேற்று நடித்தோம். நாற்காலிகள் மகிழுந்து ஆயின. ஒருத்தி காவலர், அட்டையில் தொப்பி செய்து வைத்திருந்தாள்.

பெற்றோர்களே, இதை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். ஆனால் 'ஒன் டூ ஜாகா'வைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். வன்முறையும் வசைச்சொற்களும் உள்ள படம். முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் பிறகு அவர்களோடு அமர்ந்து பார்க்கலாம். ஜோக்கோ என்ன பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

வகுப்பில் ஓட்டுநராக அமர்ந்தவன் அந்தப் பின்வரிசை மாணவனே. அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். காவலர் வேடமிட்டவள் விடவில்லை. 'இப்படி முடித்துக்கொள்ளலாமே' என்று திரும்பத் திரும்ப மடக்கினாள். மூன்று முறை அவன் அந்த வாக்கியத்தைத் தடங்கலின்றிச் சொன்னான். நான்காம் முறை "ஸ்டேஷனுக்கு வா" என்று அவள் குரலை உயர்த்தினாள். அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இம்முறை வகுப்பு சிரித்தது. அவன் கையை வெளியே எடுத்துவிட்டு, "இன்னொரு வாட்டி செய்யலாமா சார்?" என்று கேட்டான். வரும் வியாழக்கிழமை மீண்டும் செய்கிறோம்.