தண்டவாளம் தேய்ந்த துப்பாக்கி

நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் பள்ளத்தாக்கில் இலியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நம் ஊர்த் தட்டச்சு நிலையங்களில் விரல் பழகியவர்களுக்கு ரெமிங்டன் என்ற பெயர் புதிதல்ல. அந்தப் பெயர் தாங்கிய முதல் தட்டச்சு இயந்திரங்கள் 1870களில் இந்த ஊரில்தான் உருவாயின. ஆனால் தட்டச்சு இங்கே கிளைத் தொழில். வேர்த் தொழில் துப்பாக்கி. எலிஃபலெட் ரெமிங்டன் 1816இல் தம் முதல் துப்பாக்கிக் குழலை அடித்தார். 1828இல் ஈரி கால்வாய்க் கரையிலிருந்த இந்த இடத்துக்குத் தொழிலைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டு ஓடிய அந்தத் தொழிற்சாலை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. தொழிற்சாலை போய்விட்டது, அதில் செய்த துப்பாக்கிகள் போகவில்லை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மான் வேட்டைப் பருவம் நெருங்கும்போது அவை அலமாரியிலிருந்து இறங்கி, கன்ஸ்மித் என்று அமெரிக்கர் அழைக்கும் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வருகின்றன. அந்த மேசை வேலையை அருகிலிருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: பழைய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியைப் பொறுத்தவரை, பழுதுபார்ப்பவரின் முதல் திறமை நோயை இனம் பிரிப்பது. அழுக்கு வேறு, உறுப்புத் தேய்மானம் வேறு, உடல் தேய்மானம் வேறு. முதல் இரண்டையும் குணப்படுத்தலாம். மூன்றாவதைக் கண்டால் ‘இனி இதைச் சுடாதீர்கள்’ என்று சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ரெமிங்டன் 742 வுட்ஸ்மாஸ்டரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1955இல் வந்த 740இன் வாரிசாக 1960இல் வெளிவந்து 1980 வரை தயாரிக்கப்பட்ட ரகம் இது. பதினான்கு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது என்று கணக்கு. முப்பது-நாட்-சிக்ஸ் எனப்படும், 1906இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டாவை அது ஓர் இழுப்புக்கு ஒன்றாகச் சுடும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்தத் ‘தானே’ நடப்பது வெடிவாயுவால். குண்டு குழலுக்குள் ஓடும்போது அடிப்பக்கத்துச் சிறு துளை வழியே கொஞ்சம் வாயு இறங்கி, முன்கட்டைக்குள் மறைந்திருக்கும் இரு எஃகுப் பட்டைகளைப் பின்னால் தள்ளுகிறது. பட்டைகள், குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறந்து பின்னுக்கு இழுக்கின்றன. காலி உறை வெளியே தெறிக்கிறது. சுருள்வில் போல்ட்டைத் திரும்ப முன்னால் அனுப்புகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவும் நடந்து முடியும். இந்த வகைத் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அவ்வளவு அழுத்தத்தைப் பூட்டி வைத்து, சரியான கணத்தில் திறந்துவிடும் இயந்திரத்தை ஓர் ஆள் தோளில் சுமந்து காட்டுக்குள் நடக்கிறார்.

மேசைக்கு வரும் துப்பாக்கிகளில் பலவற்றின் நோய் வெறும் அழுக்கு. ‘மாட்டிக்கொள்கிறது, உறையைத் துப்ப மறுக்கிறது’ என்று உரிமையாளர் கொண்டுவருவார். கழற்றிப் பார்த்தால், பல ஆண்டுகளாக ஊற்றிய எண்ணெய் பழுப்புப் பிசினாக உறைந்து கிடக்கும். நல்லெண்ணத்தோடு செய்த கெடுதல் அது. வாயு போகும் பகுதியில் எண்ணெய் விட்டால் அது சூட்டில் கருகிக் கரியாகப் படியும். அந்த இடம் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். போல்ட் ஓடும் தடத்துக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். எண்ணெயிட்ட துப்பாக்கியைப் பின்கட்டை கீழாக வருடக்கணக்கில் சாத்தி வைத்தால் எண்ணெய் இறங்கி மரத்தில் ஊறி, எஃகோடு சேரும் இடத்தில் கட்டை மெத்தென்று ஆகிவிடுகிறது. குழலின் வாய் கீழே இருக்கும்படி வைப்பதுதான் நல்லது என்று பழைய கைகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். இதைவிடத் தொல்லை தருவது தோட்டா அமரும் அறை. கையால் போல்ட் இழுக்கும் துப்பாக்கியில் போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கமிருந்து கம்பியை விடலாம். 742இல் அது எளிதல்ல. குழல் வாய் வழியாகத்தான் கம்பி போகிறது. அதனால் அழுக்கு முழுவதும் உள்நோக்கித் தள்ளப்பட்டு, அந்த அறையிலும் போல்ட்டின் பற்களிலும் போய்ச் சேர்கிறது. குழல் பளபளக்கும், அறை கறுத்துக் கிடக்கும். முன்பக்கமிருந்து கம்பி விடுகிறவர்கள் வாயின் விளிம்பில் உராயாமல் பித்தளைக் காப்பு மாட்டிக்கொள்வதும் அவசியம். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அந்த விளிம்பு. அது ஒருபக்கம் தேய்ந்தால் குறி தவறும்.

அறையில் துருக்குழி விழுந்தால் கதை வேறாகிறது. வெடிக்கும்போது பித்தளை உறை விரிந்து அந்தக் குழிகளைப் பற்றிக்கொள்கிறது. இழுக்கும் கொக்கி உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறது, உறை உள்ளேயே நிற்கிறது. இந்தத் துரு எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1950களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவத்தின் முப்பது-நாட்-சிக்ஸ் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பற்றுமருந்தில், அதாவது வெடிமருந்துக்குத் தீ மூட்டும் கலவையில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சுவது உப்பு. சமையலறை உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுக்கும். துருப்பிடிக்க வைக்காத பற்றுமருந்து விளையாட்டுத் தோட்டாக்களில் 1920களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டாலும், போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட மலிவு ராணுவத் தோட்டாக்கள் வேட்டைக்காரர் பலரின் வீட்டில் இருந்தன. உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்டபின் வெந்நீர் விட்டுக் கழுவித் துடைத்து உலர்த்திய பிறகே எண்ணெய் போட வேண்டும். துப்பாக்கியில் தண்ணீர் விடுவதா என்று தயங்கிய வீடுகளின் துப்பாக்கிகள்தாம் இன்று குழி விழுந்து வருகின்றன. மேலோட்டமான கறையை மெருகேற்றி எடுத்துவிடலாம்; ஆழ்ந்த குழி விழுந்திருந்தால் வேறு குழல்தான் போட வேண்டும். கொக்கி, சுருள்வில், மகசினின் வளைந்த உதடு ஆகியவையும் இப்படியே. மாற்றத்தக்க உறுப்பு கெட்டால், உறுப்பு கிடைக்கும்வரை துப்பாக்கிக்கு உயிர் உண்டு. 742இல் அந்தக் கொக்கி, போல்ட்டின் முகப்புக் குழிக்குள் அடங்கிய மெல்லிய எஃகு வளையம். அதை மாற்றுவது கண்ணும் கையும் பொறுமையும் சேர்ந்து செய்யும் வேலை. உற்பத்தி நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலான ரகத்துக்கு உறுப்பு தேடுபவர்கள் பழைய துப்பாக்கிகளைப் பிரித்து விற்கும் வியாபாரிகளிடம் போகிறார்கள். அவர்களில் பெரியதான நம்ரிச் 1950 முதல் இதே நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கிறது.

மூன்றாவது நோய்தான் இந்த ரகத்தின் தலையெழுத்து. 742இன் போல்ட் தலையில் பெரிய பற்கள் இரண்டு மூன்று இருப்பதற்குப் பதிலாக, திருகுமரைபோல வரிசை வரிசையாகச் சிறு பற்கள் உண்டு. பூட்டும்போது அவை குழலின் பின்முனையில் நேர் எஃகில் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பூட்டு வலுவானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூட்டுத் திறந்து போல்ட் பின்னால் பாயும்போதுதான் சிக்கல். அது தானாகத் திரும்பிவிடாமல் நேராக ஓடுவதற்கு, துப்பாக்கியின் உடலான ரிசீவரின் உட்சுவரில் தண்டவாளம்போல் இரு விளிம்புகள் உள்ளன. விசையோடு வரும் பற்கள் அந்த விளிம்புகளில் மோதுகின்றன. சுடச்சுடச் சிறு பள்ளங்கள் விழுகின்றன. உறை வெளியேறும் துவாரத்தில் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால், புதிதாகக் கொத்திய அம்மியின் முகம்போல் வரிவரியாகத் தெரியும். அம்மிக்கு அந்தக் கொத்து வாழ்வு. இங்கே அதே வரிகள் முடிவின் அறிகுறி. பள்ளம் ஆழமாக ஆகப் பற்கள் அதில் சிக்குகின்றன, போல்ட் பாதியில் நின்றுவிடுகிறது. காரணம் வேகம்தான் என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1952இல் வந்த 760 ரகம் ஏறத்தாழ இதே போல்ட் அமைப்புக் கொண்டது. ஆனால் அதை வாயு இயக்குவதில்லை, முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். மான் வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் அனுமதிக்கப்படாத பென்சில்வேனியாவில் அது வீட்டுக்கு வீடு பழகிய துப்பாக்கி. அதன் தண்டவாளங்கள் இப்படிச் சிதைவது அரிது. 1981இல் வந்த 7400இல் நிறுவனமே சிறு பற்களைக் கைவிட்டு, எண்ணிக்கையில் குறைந்த பெரிய பற்களுக்கு மாறியது.

ஏன் ரிசீவரையும் ஓர் உறுப்பாக மாற்றிவிடக் கூடாது? அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது ரிசீவர்தான். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி வரிசை எண் அதில்தான் இருக்க வேண்டும். குழலையும் கட்டையையும் மாற்றலாம், அது அதே துப்பாக்கி. ரிசீவரை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. பொதுவாக உரிமம் பெற்றவர் வழியாக, பின்னணிச் சோதனையோடு வாங்க வேண்டியது. பழுதுக்கு வந்த துப்பாக்கி ஓர் இரவு பட்டறையில் தங்கினால்கூடப் பழுதுபார்ப்பவர் அதைத் தம் பதிவேட்டில் வரவு எழுதி, திருப்பித் தரும்போது பற்று எழுத வேண்டும். ஆக, 742 தன் தேய்மானத்தை மாற்றக்கூடிய உறுப்பில் வாங்காமல், மாற்ற முடியாத உடலிலேயே வாங்கிக்கொள்கிறது. வடிவமைப்பாளர் மேசையில் எடுத்த ஒரு முடிவு, அறுபது ஆண்டு கழித்து யாரோ ஒரு பழுதுபார்ப்பவரின் கையைக் கட்டிப்போடுகிறது.

வெல்டிங் வைத்துப் பள்ளத்தை நிரப்பி, மீண்டும் கடைந்தெடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்ய முடியும், செய்கிற கைகளும் உண்டு. ஆனால் குறுகிய இடத்தில் சூடேற்றிய எஃகு வளையும், அதன் கடினத்தன்மை இடத்துக்கு இடம் மாறும். வேலைக்கூலி துப்பாக்கியின் சந்தை விலையைத் தாண்டும். இவ்வளவுக்குப் பிறகும் மோதல் நின்றுவிடுவதில்லை. அரத்தால் பிசிறை ராவி, பார்வைக்குச் சுத்தமாக்கித் தருவதும் நடக்கிறது. பிசிறு நீங்கும், பள்ளம் இருக்கும். தெரிந்தே அப்படிச் செய்து ‘சரியாகிவிட்டது’ என்று கொடுப்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதமும் உண்டு: இந்த ரகமே சரியில்லை, அத்தனையையும் தூக்கிப் போடுங்கள் என்பது. அதையும் நான் ஏற்கவில்லை. பருவத்துக்கு முன் குறி சரிபார்க்க நாலைந்து, காட்டில் ஒன்றிரண்டு என்று ஆண்டுக்கு ஒரு பெட்டி, அதாவது இருபது தோட்டாகூடச் சுடாத வேட்டைக்காரர்கள் ஏராளம். அவர்கள் கையில் தண்டவாளம் தலைமுறை தாங்கும். பயிற்சிக் களத்தில் நாளெல்லாம் சுடுவதற்கென்று இந்தத் துப்பாக்கி பிறக்கவில்லை. ஆகவே ரகத்தின் பெயரைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும் பார்க்காமல் சொல்லும் தீர்ப்புதான். கையிலிருக்கும் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். தோட்டா அமரும் ஆழத்தை அளக்கும் எஃகு அளவிகளை, அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கே வித்தியாசமுள்ள அவற்றை, அறையில் இட்டுப் போல்ட் பூட்டுகிறதா நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் 1947 முதல் நடக்கும் துப்பாக்கித் தொழில் படிப்பு போன்றவை பழக்கும் கண்ணும் கையும் இதற்காகத்தான்.

உயிரைக் கொல்லும் கருவிக்கு இவ்வளவு கரிசனமா என்று தமிழ் வாசகர் கேட்பது நியாயம். வேட்டையே கூடாது என்பவரோடு இங்கே நான் வாதிடவில்லை. அவருடைய நிலைக்கு அதற்குரிய வலிமை இருக்கிறது. ஆனால் வேட்டை சட்டப்படி நடக்கும் ஒரு நாட்டில், கெட்டுப்போன துப்பாக்கி வேட்டையைக் குறைப்பதில்லை. அது மானைக் காயத்தோடு ஓடவிடுகிறது. உறை சிக்கியதும் காட்டின் நடுவே வேட்டைக்காரர் நடுங்கும் கையோடு அதைக் குத்தி எடுக்க வைக்கிறது. குழல் எந்தத் திசை பார்க்கிறது என்பது அப்போது அவர் நினைவில் நிற்பதில்லை. வேட்டையை வெறுப்பவர்தான், நியாயமாகப் பார்த்தால், ‘இதைச் சுடாதீர்கள்’ என்று சொல்லும் பழுதுபார்ப்பவரை அதிகம் மதிக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சொல்லுக்குப் பட்டறைகளில் கூலி கிடைப்பது கடினமாக இருக்கிறது. புதுக் கொக்கி போட்டதற்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் அதே உரிமையாளர், ஒரு மணி நேரம் கழற்றி, துடைத்து, அளந்து, ‘முடியாது’ என்று திருப்பித் தந்தால் ‘ஒன்றும் செய்யவில்லையே’ என்கிறார். இந்த மனப்போக்குதான் அரத்தால் ராவிக் கொடுக்கும் கைகளை வளர்க்கிறது. பழைய துப்பாக்கியோடு பட்டறைக்குப் போகிறவர்கள் சோதனைக்கான கூலியை முதலிலேயே கேட்டு ஒப்புக்கொள்ளட்டும். துப்பாக்கி பழுது நீங்காமல் திரும்பி வந்தாலும் அதை முழுதாகக் கொடுத்துவிடட்டும்.