திருடினவனும் பஞ்சர் ஒட்டித்தான் ஆகணும்

பஞ்சர் கடை மாமாவுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருடம் தினமும் உங்கள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன், ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. கடைக்கும் பெயர்ப் பலகை கிடையாது. வேப்பமரக் கிளையில் ஒரு கிழிந்த டயர் தொங்கும், அதுதான் பலகை. எங்களுக்கு நீங்கள் பஞ்சர் கடை மாமா. உங்களுக்கு நாங்கள் எல்லோருமே 'ஏ புள்ள'. ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போனது, கடையும் போனது. எதிர் டீக்கடையில் விசாரித்தால் ஒருவர் திருப்பூர் என்கிறார், இன்னொருவர் மகள் வீட்டோடு போய்விட்டார் என்கிறார். எனவே முகவரி இல்லாத இந்த மடல். யார் கண்ணிலாவது பட்டு, அவர் உங்களிடம் படித்துக் காட்டினால் போதும்.

அடையாளம் சொல்கிறேன். 1994 ஜூனில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்த பிள்ளை. குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் மிதித்து வருவேன். பச்சைத் தாவணி, முனையை இடுப்பில் செருகியிருப்பேன். பார் வைத்த கறுப்பு ஆம்பளை சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல்தான். முதல் நாள் உங்கள் கடை முன்னால் நிறுத்தத் தெரியாமல் வேப்பமரத்தில் மோதி இறங்கினேன். "மரத்துக்கு வலிக்காதா?" என்று கேட்டீர்கள். முழங்காலில் ரத்தம் வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கே உங்களைப் பிடிக்காமல் போனது. அதையும் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொல்ல முடியும்.

அந்த சைக்கிள் அம்மாவுடையது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதில் பிடிவாதமாக நின்றார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் போனார்கள். அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருக்கு அன்றைக்குக் கல் குவாரியில் வேலை. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு கண்மாய்க்கரையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். மறு வருடம் வங்கிக் கடனில் வண்டி எடுக்கும்போது லேடீஸ் சைக்கிளே வேண்டாம் என்றுவிட்டார். பார் இருந்தால் அதில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம், கேரியரில் குடத்தைக் கட்டலாம் என்பது அவர் கணக்கு. அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் போட்ட கணக்கும் அதுதான்.

நான் ஒன்பதாவது போனதும் அம்மா மறுபடி குவாரிக்கு நடக்க ஆரம்பித்தார், சைக்கிள் எனக்கு வந்தது. சாயங்காலம் நான் வந்து சேர்ந்ததும் அதில்தான் தண்ணீர் எடுக்கப் போக வேண்டும். ஊரில் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். அது வருவதற்குள் பள்ளியில் முதல் பீரியட் முடிந்துவிடும். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சைக்கிள் தொலஞ்சா படிப்பும் அதோட சரி." தொலையட்டும் என்று காத்திருந்த மாதிரிதான் சொன்னார்.

பள்ளியில் சைக்கிள் நிறுத்த இடம் கிடையாது. சுவரோரம் நிறுத்தினால் பள்ளி பொறுப்பில்லை என்று முதல் நாளே பிரேயரில் சொல்லிவிட்டார்கள். பையன்கள் அங்கேதான் நிறுத்துவார்கள், சாயங்காலம் ஒருவனுக்குப் பெல் மூடி இருக்காது, இன்னொருவனுக்கு டைனமோ இருக்காது. பொம்பளப் பிள்ளைகள் வண்டி என்றால் களவு போகிறதோ இல்லையோ, வால் டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவது நிச்சயம். அதனால்தான் உங்கள் கடை வாசல். நீங்கள் எங்களிடம் நிறுத்தக் காசு கேட்டதில்லை. காற்று மட்டும் உங்களிடம்தான் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கடையில் வேலை இல்லாத நேரத்தில் நீங்கள் ஒவ்வொரு வண்டியாக எடுத்துவைத்துச் செய்த வேலைகளை அப்போது நான் கிறுக்கு என்று நினைத்தேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் நட்டை முறுக்கி, வெளியே துருத்தும் போல்ட்டின் முனையைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகு ஸ்பேனர் போட்டாலும் நட்டு கழன்று வராது, சீட்டு போகாது. பின்சக்கரத்துப் பூட்டைக் காட்டி, "இது உருளாமத்தான் நிறுத்தும். பின்னால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்சக்கரத்துல தள்ளிட்டுப் போயிருவான்" என்று ஒருமுறை தூக்கித் தள்ளியே காட்டினீர்கள். நாள்பட்ட பூட்டுக்குள் வேறு வண்டிச் சாவியைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டித் திறந்தும் காட்டினீர்கள். இதையெல்லாம் இந்த ஆளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளைகளுக்குள் கிசுகிசுத்துக்கொள்வோம்.

லாரிப் பட்டறையில் வாங்கிய நீளமான இரும்புச் சங்கிலி ஒன்று உங்களிடம் இருந்தது. பதினோரு சைக்கிள், பதினோரு பிரேமுக்குள்ளும் நுழைத்து வேப்பமரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரே ஒரு திண்டுக்கல் பூட்டு. சக்கரத்தில் மட்டும் சங்கிலியைப் போட்டால் சக்கரத்தை விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுபோவான் என்பீர்கள். யாராவது ஒருத்தி சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் பதினோரு வண்டியையும் அவிழ்க்க வேண்டும். திட்டிக்கொண்டே அவிழ்ப்பீர்கள்.

அப்புறம் அந்தக் காகிதம். ஒருநாள் கைப்பிடி ரப்பரைக் கழற்றிவைத்துக்கொண்டு, "வண்டி யாருது?" என்றீர்கள். அம்மாவுது என்றேன். "அப்ப அவங்களையே எழுதச் சொல்லு. பேரு, ஊரு, சீட்டுக்குக் கீழ அடிச்சிருக்கிற நம்பரு." அம்மா அன்றிரவு சிம்னி விளக்கடியில் என் நாலு கோடு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அறிவொளியில் கற்ற எழுத்து. ஒவ்வொன்றும் சுண்டைக்காய் பருமன். எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு கொம்பை விட்டுவிட்டார். நான் திருத்தப் போனேன், விடவில்லை. நீங்கள் அதைச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, ஹேண்டில்பார் குழாய்க்குள் விட்டு, ரப்பரைத் தண்ணீர் தொட்டு மாட்டி மூடினீர்கள். தாயத்து கட்டுகிற மாதிரி இருந்தது. சிரித்தேன்.

1995 டிசம்பர், அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. விடாத மழை, செம்மண் சகதியில் செயின் இரண்டு தடவை கழன்றது. வந்து சேரும்போது மணி அடித்துவிட்டார்கள். நீங்கள் சரக்கு எடுக்கப் புதுக்கோட்டை போயிருந்தீர்கள். கடை பூட்டிக்கிடந்தது, சங்கிலி உள்ளே இருந்தது. மரத்தடியில் சாத்திவிட்டு ஓடினேன். பரீட்சை ஹாலில் மூன்றாவது கணக்குப் போடும்போதுதான் பாவாடைப் பையைத் தடவினேன். சாவி இல்லை. அது பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே விடமாட்டார்கள். முடித்துவிட்டு வந்தபோது மரத்தடியில் இரண்டு சக்கரத் தடம் மட்டும் இருந்தது, அதிலும் தண்ணீர் நின்றது.

வீட்டில் போய், "பூட்ட ஒடச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா" என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பில் இருக்கிறதா என்றார்கள். பில் வங்கியில் இருந்தது. வங்கியில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். எந்த ஸ்டேஷன், எந்த வங்கி என்பதெல்லாம் இப்போது எதற்கு? அம்மா இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்ததுதான் மிச்சம். பெரியப்பா எதுவும் பேசவில்லை, அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்று அம்மா தவணை வாங்கினார். லீவு முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் விடிவதற்கு முன்னால் கிளம்பி நடந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் உங்கள் கடை முன்னால் நின்று அழுதிருக்கிறேன். டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "திருடுனவனும் பஞ்சர் ஒட்டித்தான் ஆகணும். எங்க போயிருவான்?"

அது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் புதுக்கோட்டை கீழராஜவீதியில் நீங்கள் சரக்கெடுக்கும் உதிரிபாகக் கடைக்குச் சுற்றுவட்டார பஞ்சர் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்யூஷனுக்கும் வால் டியூப்புக்கும் வந்துதானே ஆக வேண்டும்? அங்கே என் வண்டி நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அந்தச் சீட்டு போயிருக்கிறது. பெயிண்டை மாற்றுவான், கேரியரைக் கழற்றுவான், பிரேமில் அடித்த நம்பரை ராவுவதற்கு எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும் என்பது உங்கள் யோசனை.

பொங்கல் முடிந்த மறுநாள் இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் கண்டக்டர் மூலம் தகவல் வந்தது. பின்சக்கரம் பஞ்சராகிக் கடைக்கு வந்த ஒரு பச்சை சைக்கிள். நீங்கள் கடையைப் போட்டுவிட்டுப் போனீர்கள். வண்டி வைத்திருந்தவர் தான் காசு கொடுத்து வாங்கியதாகச் சண்டைக்கு வந்தாராம். உண்மையாகவும் இருக்கலாம். நீங்கள் ஒன்றும் பேசாமல் கைப்பிடி ரப்பரை உருவி, உள்ளேயிருந்த தாளை எடுத்து, கூடியிருந்தவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்களாம். கொம்பு விட்டுப்போன எங்கள் ஊர்ப் பெயரை யாரோ உரக்கப் படித்திருக்கிறார்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தே வைத்திருந்தாலும் ஐ.பி.சி. 411-ல் கேஸ் உண்டு என்று அந்த ஊர்க் கடைக்காரர் எடுத்துச் சொன்ன பிறகு வண்டிக்காரர் இறங்கிவந்தார். இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை, கண்டக்டர் சொன்னார்.

இனி எழுதப்போவது நமக்கு இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்படித்தான் 28 வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வந்தபோது பச்சைப் பெயிண்ட் அடித்த என் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. பின்சக்கரத்தில் அதே பூட்டு. அதில் அதே சாவி, நான் முடிந்துவிட்ட சிவப்பு நூலோடு. பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நீங்கள் குந்தி உட்கார்ந்து ஆக்சா பிளேடால் அந்தப் பூட்டின் வளையத்தை அறுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"உங்கம்மாட்ட பூட்ட ஒடச்சுட்டாங்கன்னுதான சொல்லிருக்க?"

"ம்."

கர்... கர்... என்று பிளேடு சத்தம் மட்டும். இரும்புத்தூள் உங்கள் கால் பெருவிரலில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப ஒடஞ்சுதான இருக்கணும்."

வளையம் இரண்டாகப் போனதும் புதுப் பூட்டு ஒன்றை மாட்டிவிட்டு, பழையதை என் பையில் போட்டு, வீட்டில் காட்டச் சொன்னீர்கள். சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டீர்கள். புத்திமதி ஏதாவது வரும் என்று நின்றேன். "போ, பொழுது போகுது" என்றீர்கள். மாமா, அன்றைக்கு நீங்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன்.

நான் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06 வாக்கில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிவாக்கினார்கள். ஒவ்வொரு வருடமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வண்டி வந்து இறங்குகிறது. ஒரே நிறம், ஒரே கூடை, ஒரே பூட்டு. எது யாருடையது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. வண்டி கொடுக்கும் விழா முடிந்த மறுநாள் என் வகுப்பில் பாடம் நடக்காது. ஆளுக்கொரு தாள், பெயர், ஊர், பிரேம் நம்பர். வீட்டில் அம்மாவோ பாட்டியோ எழுதித் தர வேண்டும் என்பது என் நிபந்தனை. நம்பரைப் போனில் போட்டோ எடுத்துவைத்தால் போதாதா டீச்சர் என்று பையன்கள் கேட்கிறார்கள். அதையும் எடுங்கள் என்கிறேன். பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை இருக்கிறது, இப்போது பைக்தான் அதிகம் வருகிறது. அவர் பெயரை முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொண்டேன்.

இந்த மடலை எழுத உட்கார்ந்த அன்றுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"கல்லு ஒடச்சவளுக்கு வெட்டுவாய் தெரியாதாடி? ஒரு மாசத்துக்கு முந்தி அறுத்த இரும்பு, மார்கழி மழையில கெடந்த இரும்பு, அப்படிப் பளபளன்னா இருக்கும்?"

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க?"

"அந்த மனுசன் மெனக்கெட்டு அறுத்திருக்காரு, அத நான் கெடுக்கவா?"

சைக்கிள் வந்த மறுநாளே அம்மா உங்கள் கடைக்கு வந்து புதுப் பூட்டுக்குக் காசு கொடுத்தாராமே. நீங்கள் வாங்க மறுத்தீர்களாம், அவர் விடவில்லையாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டீர்களாம். பூட்டு விலைக்கு அவர் முடிச்சில் அஞ்சு ரூபாய் குறைந்திருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றவர் மறந்தேபோனாராம்.

"அஞ்சு ரூவா பாக்கி இருக்குன்னு அதையும் எழுதிரு" என்றார் அம்மா. எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
மரத்தில் மோதிய புள்ள