கண்ணாடி இல்லாத கமரா

நிக்கொன் டி90 கமராவை நான் வாங்கியது 2009ஆம் ஆண்டின் இறுதியில். பத்திரிகையில் எழுத்துத்தான் எனக்குத் தொழில். படம் எடுப்பது ஆசிரியபீடத்துக்கு அடுத்த அறையில் இருந்த நண்பர்களின் வேலை. சிவப்பு விளக்கு எரியும் அவர்களது இருட்டறையில், தட்டிலிருந்த திரவத்துக்குள் ஒரு முகம் மெல்ல மெல்லத் தோன்றுவதைக் கண்ட நாளிலிருந்தே அந்த ஆசை எனக்குள் இருந்தது. ஆயினும் சொந்தமாக ஒரு நல்ல கமரா வாங்குவதற்கு ஐம்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது.

பதினைந்து ஆண்டுகள் அது என்னோடு அலைந்தது. 2024இல் அதற்கு ஓய்வு கொடுத்தேன். கமராவில் குறை எதுவும் இல்லை, குறை என்னிடத்தில்தான். கண்ணில் புரை அகற்றிய பின்னரும், சிறிய சாளரத்தினூடாகப் பார்த்து உருவம் கூர்மையாக விழுந்திருக்கிறதா என்று உறுதிசெய்ய என்னால் முடியவில்லை. மின்கலத்துடன் அதன் எடை 700 கிராம். லென்ஸையும் சேர்த்தால் ஒரு கிலோவை எட்டிவிடும். மாலையானால் கழுத்து வலிக்கும்.

"மிரர்லெஸ் ஒண்டை வாங்குங்கோ அண்ணை" என்று முன்னாள் பத்திரிகைப் படப்பிடிப்பாளரான நண்பர் ஒருவர் பல காலமாகவே சொல்லி வந்தார். "கமராவிலை கண்ணாடி இல்லாட்டி என்ன, உங்கடை மூக்கிலை ஒண்டு இருக்குத்தானே!"

நான் தயங்கியதற்குப் பணமும் ஒரு காரணம். டி90 வாங்கியபோது ஒரு டொலர் ஏறத்தாழ 115 ரூபா. 2022 மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. கமராவைப் பற்றிச் சிந்திக்கும் காலமாக அது இருக்கவில்லை. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம்.

கண்ணாடி என்று நண்பர் சொன்னது என்ன என்பதை விளக்கிவிடுகிறேன். டி.எஸ்.எல்.ஆர். கமராவுக்குள் ஒரு சிறு கண்ணாடி 45 பாகைச் சாய்வில் நிற்கும். லென்ஸின் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நமது கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும். சாளரம் ஒரு கணம் இருண்டுவிடும். அப்போதுதான் படம் பதிவாகும். அதாவது, படம் பதிவாகும் அந்தக் கணத்தை மட்டும் எடுப்பவர் காண்பதில்லை. மிரர்லெஸ் கமராவில் இந்தக் கண்ணாடி இல்லை. ஒளி நேரே உணரியில் விழ, அது காண்பதையே நாம் ஒரு சின்னத் திரையில் பார்க்கிறோம்.

2008இல் பனசொனிக் நிறுவனம் இந்த வகையில் முதலாவது கமராவை வெளியிட்டபோது அதைப் பொருட்படுத்தாதவர்களுள் நானும் ஒருவன். 2018இல் நிக்கொனும் கனனும் தமது பெரிய உணரி கொண்ட மிரர்லெஸ் கமராக்களுடன் அந்தப் பாதைக்கு வந்தன. 2020ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவ்விரு நிறுவனங்களும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதனையும் வெளியிடவில்லை.

நான் வாங்கியது ஒருவர் பாவித்த நிக்கொன் இசட்50. மின்கலத்துடன் 450 கிராம். படம் வெளிச்சமாக வருமா, இருண்டு வருமா என்பது எடுப்பதற்கு முன்னரே தெரிகிறது. உருவத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்க்கலாம். எதிரே நிற்பவரின் கண்ணை அதுவே தேடிப் பிடித்துக்கொள்கிறது. கண் பழுதானவனுக்கு இது பெரும் உதவி.

இழப்புகளும் உண்டு. டி90இன் மின்கலத்தை ஒருதரம் மின்னேற்றினால் 850 படங்கள் எடுக்கலாம் என்பது கணக்கு. இதில் ஏறத்தாழ 300தான். எனது பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸை இணைப்பு வளையத்தின் உதவியோடு மாட்டலாம். ஆனால் அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை, புதிய கமராவிலும் இல்லை. ஆகவே கையால் திருகித்தான் குவியப்படுத்த வேண்டும். அது எனக்குப் பழகிய வேலையே.

நான் எதிர்பாராதது அதன் மௌனம். ஓசையின்றிப் படம் எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. மன்னாரில் ஒரு குளக்கரையில் மீன்கொத்தி ஒன்றைப் பத்துத் தடவைக்கு மேல் எடுத்தேன். அது அசையவே இல்லை. டி90 என்றால் முதல் ஓசைக்கே பறந்திருக்கும். சிறுவனைப் போல மகிழ்ந்தேன்.

அதே மௌனத்தோடு ஒருநாள் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைச் சற்றுத் தள்ளி நின்று ஒன்பது படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். அனைத்தும் கூர்மையானவை. ஆனால் ஒன்றிலேனும் அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. எடுத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. களவெடுத்த பொருளைப் பார்ப்பது போல இருந்தது.

அப்போது 2017ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். நான் சென்றபோது ஒரு தாய் மகனின் படத்தை மடியில் வைத்தபடி தலை குனிந்து அமர்ந்திருந்தார். ஒரு படம் எடுத்தேன். டி90இன் கண்ணாடி எழுந்து விழும் அந்தச் சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அவரோ மடியிலிருந்த படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"இவரையும் வடிவா எடுங்கோ தம்பி" என்றார்.

முதலாவது படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. அந்த இரண்டாவது படம்தான் என்னிடம் உள்ள படங்களுள் பெறுமதியானது. அதை எடுத்தவன் நான் என்று சொல்லிக்கொண்டாலும், எடுக்கச் செய்தவர் அவர். அந்த ஓசை இல்லாதிருந்தால் அவர் நிமிர்ந்திருக்கமாட்டார். நானும் நல்ல படம் கிடைத்ததென்று திரும்பி வந்திருப்பேன்.

மௌன வசதியைப் பறவைகளுக்கு மட்டும் என்று இப்போது ஒதுக்கிவிட்டேன். அதை நிறுத்திவிட்டால் இசட்50இலும் சத்தம் உண்டு. பழையதைப் போல உரத்ததல்ல என்றாலும் அருகில் இருப்பவருக்குக் கேட்கும். ஆகவே அருகில் போக வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் சந்தைக்குப் போய், அந்த அம்மாவுக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்தினேன். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை ஏன் தம்பி எடுக்கிறியள்? கத்தரிக்காயை எடுங்கோ" என்றார்.

ஒரு கிலோ வாங்கினேன்.