பூவெடுக்கும் நேரத்தில் அப்டேட் வேண்டாம்

‘சொட்டுநீரை ராஸ்பெர்ரி பை வெச்சுத்தான் ஓட்டுறோம். பையன் அமைச்சுக் கொடுத்தான். அவன் இப்போ வெளியூர்ல வேலையில இருக்கான். அப்டேட் பண்ணணும்னு சொல்றாங்க. நாங்களே பண்ணலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் பண்ணலாம். ஆனால், நான் பண்ணிய மாதிரி பண்ணக் கூடாது.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ராஸ்பெர்ரி பை என்பது சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு முழுக் கணினி. இங்கிலாந்தில் 2012-ல் விற்பனைக்கு வந்தது. பிள்ளைகள் கணினி கற்பதற்காகச் செய்தது, இன்று தோட்டத்தில் மண் ஈரத்தைப் பார்த்து வால்வைத் திறந்து மூடுகிறது. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. அந்த மென்பொருளும் நம் பாசன புரோகிராமும் பெரும்பாலும் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றில்தான் இருக்கின்றன. அது கெட்டால் எல்லாம் நின்றுவிடும்.

தம்பி தோட்டத்தில் முக்கால் ஏக்கர் தக்காளிக்கு நான்தான் இதை அமைத்துக் கொடுத்தேன். சித்திரை மாதம், பயிர் பூவெடுத்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், ‘அஞ்சு நிமிஷ வேலைதானே’ என்று லேப்டாப்பைத் திறந்து அப்டேட்டைத் தொடங்கினேன். பாதியில் கரன்ட் போனது. திரும்ப வந்துவிடும், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தம்பியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கரன்ட் வந்தது. பை எழவே இல்லை. பை நின்றால் வால்வு மூடியே இருக்கும்படி அமைத்திருந்தேன். தம்பி குடும்பம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தது. ஏதாவது கோளாறு என்றால் போனுக்குச் செய்தி வரும் என்று நம்பியிருந்தார்கள். செய்தி அனுப்ப வேண்டியதே அந்தப் பைதான் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான்காம் நாள் வந்து பார்த்தபோது செடி துவண்டு, பூ பாதிக்கு மேல் கொட்டிக் கிடந்தது.

தம்பி கோபப்படவில்லை. “செடி தண்ணி கேக்குறது எனக்குத் தெரியும்ண்ணா. பெட்டி பாத்துக்கும்னு நானும் விட்டுட்டேன்” என்றான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ‘புது ரகத்தை முழு நிலத்திலும் போடாதீங்க. ஒரு பாத்தியில போட்டுப் பாருங்க. பழைய விதையைக் கைவசம் வெச்சுக்கோங்க’ என்று எத்தனை ஊரில் பேசியிருப்பேன்! சொந்தத் தோட்டத்தில் அதை மறந்தேன்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. இன்டர்நெட்டில் இணைந்திருக்கும் கருவியில் ஓட்டை இருந்தால், வெளியாள் உள்ளே வர முடியும். அந்த ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான். ஆரம்ப காலத்தில் எல்லாப் பைகளுக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2022 ஏப்ரலில்தான் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். உங்களுடையது அதற்கு முந்தைய அமைப்பு என்றால், முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இப்போது நாங்கள் செய்யும் முறை இதுதான்.

பூவெடுக்கும், காய் பிடிக்கும் பருவத்தில் தொடுவதில்லை. அறுவடை முடிந்தோ, நல்ல மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போதோ, காலையில் தொடங்குகிறோம். மறுநாளும் ஆள் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

முதலில் கார்டை நகலெடுக்கிறோம். பையின் மெனுவிலேயே ‘எஸ்டி கார்டு காப்பியர்’ இருக்கிறது. கார்டு ரீடரில் புதுக் கார்டைப் போட்டால் அப்படியே நகலாகும். பிறகு, பையை முறைப்படி ஷட்-டவுன் செய்து, நகல் கார்டைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறோம். அப்டேட் செய்வது நகலில்தான். பழைய கார்டு பத்திரமாகப் பெட்டியில் இருக்கும். கோளாறு வந்தால் அதை எடுத்துப் போட்டால் போதும்.

அடாப்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் செருகுகிறோம். மோட்டார் ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும், அது ஆகாது. கார்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நிரம்பிய கார்டில் அப்டேட் பாதியில் நின்றுவிடும்.

கட்டளைகள் இரண்டு. ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்பது விதைக் கடையில் இருப்புப் பட்டியல் வாங்குவது போல. எதையும் மாற்றாது. ‘சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு’தான் உண்மையில் மாற்றுவது. எதெல்லாம் மாறும், எதெல்லாம் நீக்கப்படும் என்று காட்டி, சம்மதம் கேட்கும். நீக்கும் பட்டியலில் உங்களுக்குத் தேவையானது இருந்தால், சம்மதம் கொடுக்காமல் அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். வைஃபை வழியாகத் தூரத்திலிருந்து செய்யாமல், மானிட்டரும் கீபோர்டும் இணைத்து நேரடியாகச் செய்வது நல்லது. முடிந்ததும் ரீபூட் செய்து, ஒவ்வொரு வால்வாகத் திறந்து மூடி, தண்ணீர் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பெரிய பதிப்பு மாற்றம் வேறு சங்கதி. 2023-ல் ‘புக்வார்ம்’ பதிப்பு வந்தபோது, பைத்தான் மொழித் துணை மென்பொருள்களைச் சேர்க்கும் பழைய முறை மாறியது. அந்த மாதிரி நேரத்தில், ஓடுவதன் மேலேயே ஏற்றாமல், புதுக் கார்டில் புதிதாக நிறுவிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. தம்பி இப்போது சோலினாய்டு வால்வுக்குப் பக்கத்திலேயே கையால் திறக்கும் கேட் வால்வு ஒன்று போட்டிருக்கிறான். பை ஓடினாலும் ஓடாவிட்டாலும், காலையில் ஒரு நடை போய்ச் செடியைப் பார்த்துவிட்டு வருகிறான். நான் அப்டேட் செய்யும் நாளில், முதலில் அவனுக்குத்தான் போன் போடுகிறேன்.