மதகின் முன் நிற்கும் இரண்டு கணக்குகள்

கொல்கத்தாவின் கிழக்கே பான்தலா என்னும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து வரும் கால்வாயில் நீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்த மதகே தீர்மானிக்கிறது. கதவை இறக்கினால் நீர்மட்டம் ஏறும். ஏறிய நீர் கிளை வாய்க்கால்கள் வழியே மீன்குளங்களுக்குள் தானாகவே பாயும். கதவைத் தூக்கினால் நீர் வடிந்து குல்டி ஆற்றை நோக்கி ஓடிவிடும். ஆண்டு முழுவதும் இந்த மதகின் முன் இரண்டு கோரிக்கைகள் நிற்கின்றன. "சீக்கிரம் வடியட்டும்" என்கிறது நகரம். "சற்று நிற்கட்டும்" என்கின்றன குளங்கள். நகர வடிகால்களையும் மீன்களின் வாழிடத்தையும் கடலோரச் சூழலையும் ஒன்றாக வைத்துப் பேசும் எந்த விவாதமும் கடைசியில் இப்படியொரு மதகின் முன்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவின் நிலம் மேற்கே ஹூக்ளிக் கரையில் உயர்ந்து கிழக்கே சரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியம் கிளார்க் என்ற பொறியாளர் வகுத்த வடிகால் திட்டம் இந்தச் சரிவை ஒட்டியே அமைந்தது. கழிவு ஹூக்ளிக்குப் போகாமல் கிழக்கிலிருந்த உப்பு ஏரிகளைத் தாண்டி வித்யாதரி ஆற்றுக்குப் போயிற்று. வித்யாதரி அப்போது ஓதம் ஏறி இறங்கும் ஆறு. அதன் உவர்நீரில் வளர்ந்த கொடுவாயும் மடவையும் இறாலும் அந்த ஏரிகளின் விளைச்சலாக இருந்தன. ஆனால், ஓதநீர் பரவிக் கிடந்த தாழ்நிலங்கள் அடைபட்டன. குறுக்கே கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஆற்றில் வண்டல் சேர்ந்தது. 1928இல் வித்யாதரி இறந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ஓர் ஆற்றுக்கு மரணச் சான்று எழுதும் நிலையை அந்த நகரம் தன் கையாலேயே வரவழைத்துக்கொண்டது.

உவர்நீர் வராமற்போனதும் உப்பு ஏரிகள் சோர்ந்தன. அதே காலத்தில்தான் மீன்பிடிப்பவர்களும் நிலக்காரர்களும் ஒரு சோதனையில் இறங்கினார்கள். ஓதம் கைவிட்ட குளங்களுக்குள் நகரத்தின் கழிவுநீரை அளவோடு திறந்துவிட்டார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிய அந்த முயற்சி, கொடுவாயின் இடத்தில் ரோகுவையும் கட்லாவையும் மிரிகாலையும் கொண்டுவந்து சேர்த்தது. கரை கட்டிய இத்தகைய குளத்தை வங்காளியில் பேரி என்பார்கள். 1940களில் பொறியாளர் பி. என். டே வகுத்த திட்டத்தின்படி கழிவுநீருக்கு ஒன்றும் மழைநீருக்கு ஒன்றுமாக இரண்டு கால்வாய்கள் குல்டி ஆறுவரை நீண்டன. கழிவு வெளியேற வேண்டும் என்பதே அவற்றின் முதல் நோக்கம். ஆனால், அவற்றின் நீர்மட்டத்தை உயர்த்தி நிறுத்த முடிந்ததால்தான் பேரிகள் பிழைத்தன. வெளியேற்றுவதற்காக வெட்டிய ஒன்று ஊட்டுவதற்கும் பயன்பட்டது.

பேரிக்குள் நடப்பதை எந்த அதிசயமும் சேர்க்காமல் சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் குளத்தை வடித்து, அடிமண்ணை வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு இட்டு, சேறு கிளறுகிறார்கள். பிறகு கழிவுநீரை உள்ளே விட்டுச் சில வாரங்கள் காத்திருக்கிறார்கள். குளத்தின் ஆழம் பெரும்பாலும் ஓர் ஆள் நெஞ்சளவைத் தாண்டுவதில்லை; ஆகவே வெளிச்சம் அடிவரை இறங்குகிறது. பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அதிலிருந்து பிரியும் சத்தை உண்டு பாசி பெருகுகிறது. பகலில் பாசி வெளிவிடும் ஆக்சிஜனைக் கொண்டே பாக்டீரியாக்கள் அடுத்த கழிவைச் சிதைக்கின்றன. பாசி அளவுமீறிப் பெருகிவிட்டால் இரவில் அதுவே ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடும். அங்கேதான் மீன் தேவைப்படுகிறது. மீன் பாசியையும் நுண்ணுயிரிகளையும் மேய்கிறது; மேய்வதால் குளம் சமநிலையில் நிற்கிறது. கரையோரம் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை அலையிலிருந்து கரையைக் காக்கிறது. உலோகங்களையும் எண்ணெய்ப் பசையையும் ஓரளவு பிடித்துவைக்கிறது. மற்ற இடங்களில் ஏரிகளின் எமன் என்று சபிக்கப்படும் செடிக்கு இங்கே காவல் வேலை.

இத்தனையையும் நடத்துபவரிடம் அளவைக் கருவி இருப்பதில்லை. நீரின் நிறத்தைப் பார்க்கிறார். உள்ளங்கையில் அள்ளி முகர்கிறார். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக்குத் தவிக்கின்றனவா என்று கவனிக்கிறார். தவித்தால் வாய்க்காலின் வாயை அடைக்க வேண்டும். நீர் வெளிறிப்போனால் திறக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் என்பது மேகத்தையும் காற்றையும் பொறுத்து மாறும். இது கையேட்டில் எழுதி வைத்த அறிவன்று. தகப்பன் கரையில் நின்றபோது மகன் கூட நின்றதால் வந்தது.

1980களின் தொடக்கத்தில் துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர், நகரத்தின் கழிவுநீருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியோடு கால்வாயின் வழியே கிழக்கே சென்றார். பொறியாளர் ஒருவர் இயல்பாகத் தேடுவது சுத்திகரிப்பு ஆலையை. அவர் கண்டது மீன்குளங்களை. அங்கே நடப்பதும் சுத்திகரிப்புதான் என்பதை அவர் அறிவியலின் மொழியில் எழுதிக் காட்டினார். அவர் செய்த இன்னொரு காரியம் அதைவிடப் பெரியது என்று தோன்றுகிறது: அந்த நிலத்துக்குக் கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்கள் என்று பெயரிட்டார், அதன் எல்லைகளை வரைபடமாக்கினார். அதுவரை அது திட்டமிடுவோரின் கண்ணில் நகரம் விரிவதற்குக் காத்துக்கிடந்த சதுப்பு. 1960களில் அதன் வடபகுதியை ஹூக்ளியின் வண்டலைக் கொண்டு தூர்த்து எழுப்பிய நகருக்குப் பிதான்நகர் என்று பெயர் சூட்டினார்கள். மக்கள் வாயில் அது இன்றும் சால்ட் லேக்தான். ஏரி போன பிறகும் அதன் பெயர் அஞ்சல் முகவரியாகப் பிழைத்திருக்கிறது.

பெயர் என்பது வெறும் ஒட்டுச்சீட்டு அன்று என்பதற்கு அடுத்து நடந்ததே சான்று. ஈரநிலத்தில் ஒரு பகுதியை உலக வர்த்தக மையம் முதலிய கட்டுமானங்களுக்காக எடுக்க அரசு முனைந்தபோது, பப்ளிக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடிமக்கள் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. 1992இல் நீதிமன்றம் ஈரநிலத்தின் பக்கம் நின்றது. கோஷ் வரைந்த வரைபடம் அந்தப் பாதுகாப்பின் எல்லைக்கோடாயிற்று. 2002இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிச்சட்டம் வந்தது. 'சதுப்பு' என்ற சொல்லுக்காக எந்த நீதிமன்றமும் எல்லை வகுத்திருக்காது. 'ஈரநிலம்' என்ற சொல் நிலத்தை வழக்காடக்கூடிய பொருளாக மாற்றியது.

ஆயினும் ஒரு மீன்குளத்தைச் சட்டம் காப்பதும் அந்தக் குளத்துக்கு நீர் வருவதும் ஒன்றல்ல. சட்டம் நிலப்பரப்பைப் பேசுகிறது. குளத்தின் உயிர் நீர்மட்டத்தில் இருக்கிறது. கால்வாய்களில் வண்டல் சேரச்சேர நீர் கடைமடைப் பேரிகளை எட்டுவதில்லை. குளங்களின் அடியும் ஆண்டுதோறும் மேடேறுகிறது. அப்போது கால்வாயை ஆழமாகத் தூர்வாரினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணுவது நகரத்தின் கணக்கு. ஆழம் கூடினால் நகரத்து நீர் விரைந்து வடியும். ஆனால், நீர்மட்டம் தாழ்ந்தால் மேடேறிய குளத்துக்குள் ஒரு துளியும் தானாக ஏறாது. பணம் உள்ளவர் பம்பு வைப்பார்; இல்லாதவர் குளத்தைக் குத்தகைக்கு விடுவார். அடுத்த கட்டத்தில் அந்தக் குளம் மண்ணடிக்கப்படும். சட்டத்துக்குப் புறம்பாக ஓர் இரவில் தூர்க்கப்படும் குளத்தின் கதை பல நேரங்களில் அதற்கு முன்பே, தண்ணீர் ஏறாமற்போன ஒரு கோடையில், தொடங்கியிருக்கும்.

மழைக்காலத்தில் கணக்கு தலைகீழாகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து எழும் மழை ஓரிரு நாளில் நகரத்தை முழங்காலளவு நீரில் நிறுத்தும்போது, மதகைத் தூக்காமல் இருக்க எந்த அதிகாரியாலும் முடியாது, முடியவும் கூடாது. அதனால்தான் இது நல்லவர் கெட்டவர் கதையாக முடிவதில்லை. வீட்டுக்குள் சாக்கடை நீர் ஏறிய பெண்ணின் கோரிக்கையும் நியாயம்; வெயிற்காலத்தில் குளம் வற்றி நிற்கும் மீன்காரரின் கோரிக்கையும் நியாயம். பருவத்துக்கு ஏற்ப மாறும் ஓர் உடன்பாடுதான் வேண்டும். மழைநாளில் எத்தனை மணி நேரத்துக்கு முன் திறப்பது, மழை ஓய்ந்தபின் எந்த நாளில் மறுபடி மூடுவது, இடையில் குளங்களுக்கு யார் தகவல் சொல்வது என்பவையெல்லாம் பேசி முடிவு செய்து எழுதி வைக்கக்கூடியவை. பேச உட்காரும் மேசையில் பேரியைச் சேர்ந்தவருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எளிதில் நடக்காதது.

பேரியோடு கதை முடிவதில்லை. குளங்களில் தங்கித் தெளிந்த நீரும் குளங்களைத் தொடாமலே ஓடிய நீரும் கடைசியில் குல்டியில்தான் விழுகின்றன. குல்டி ஓதம் ஏறும் ஆறு. அதன் வழியே நகரத்தின் நீர் சுந்தரவனக் கழிமுகத்தை அடைகிறது. அலையாத்தி வேர்களுக்கிடையே இறாலும் கொடுவாயும் மடவையும் தம் குஞ்சுப்பருவத்தைக் கழிக்கும் இடம் அது. ஓரளவு சத்து வந்தால் கழிமுகம் அதை உணவாக்கிக்கொள்ளும். அளவு மீறினால் நீரிலுள்ள ஆக்சிஜன் தீரும். குஞ்சுகள் அங்கே நிற்கா. நாளொன்றுக்கு 75 கோடி லிட்டர் என்று பொதுவாக மதிப்பிடப்படும் நகரத்துக் கழிவுநீரில் எவ்வளவு பேரிகள் வழியாகப் போகிறது என்பது ஆகவே பேரிக்காரரின் சொந்த விஷயம் மட்டுமன்று. பல கல் தொலைவில், நகரத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத கழிமுக மீனவரின் வலையில் விழுவதையும் அது தீர்மானிக்கிறது. ஒரு பேரி மூடப்பட்டால் நகரத்துக்குச் சந்தை மீன் குறையும். கழிமுகத்துக்கோ ஒரு வடிகட்டி குறையும்.

சூரியனாலும் பாசியாலும் ஆகாதவையும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு ஆணையை அடுத்து நகருக்குள் இருந்த தோல் பதனிடும் தொழில்கள் பான்தலாவை ஒட்டிய வளாகத்துக்கு இடம்பெயர்க்கப்பட்டன. மலத்தைப் பாக்டீரியா சிதைக்கும், குரோமியத்தைச் சிதைக்காது. அது வண்டலில் படிந்து காத்திருக்கும். வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஒரே கால்வாயில் கலப்பதை அனுமதித்துக்கொண்டே 'இயற்கைச் சிறுநீரகம்' என்று ஈரநிலத்தைப் புகழ்வது, நோயாளிக்கு நஞ்சு கொடுத்துவிட்டு அவருடைய சிறுநீரகத்தின் வலிமையை மெச்சுவதற்கு ஒப்பானது. கால்வாய் மேலாண்மையின் முதல் விதி கால்வாயில் எது கலக்கலாம் என்பதே. எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பது அதற்குப் பிறகு வருவது.

தமிழில் 'கழி' என்றால் கடலோரத்து உவர்நீர்ப் பரப்பு. ஆறு கடலைச் சேரும் இடம் கழிமுகம். நகரம் வேண்டாமென்று தள்ளுவது கழிவு. சொற்பிறப்பில் இவை எந்த அளவுக்கு உறவு என்பது அகராதி அறிஞர்களின் வழக்கு. ஆனால், கேட்கும் காதுக்கு இவை ஒரே தெருவில் குடியிருக்கும் சொற்கள். நிலத்திலும் அவை அண்டை வீடுகள்தாம்: நகரத்தின் கழிவு போய்ச் சேரும் முகவரி கழிமுகம். இடையில் ஒரு வாசல்படிபோலப் பேரி இருக்கிறது. சாக்கடை என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது நகரம் முடிந்துவிடுகிறது. மீனுக்கோ அங்கேதான் இரை தொடங்குகிறது.

படித்தவர்களின் அறிவு ஏற்கப்படுவதும் சேற்றில் நிற்பவர்களின் அறிவு அறிவாகவே கணக்கில் வராததுமான நிலையைக் கோஷ் அறிவின் இனஒதுக்கல் என்று பெயரிட்டுச் சாடினார். 1990இல் ஐக்கிய நாடுகளின் குளோபல் 500 விருதும் 2016இல் லூக் ஹாஃப்மன் விருதும் அவரைத் தேடி வந்தன. 2018இல் அவர் மறைந்தார். ஆய்வேடுகளில் இன்று அவர் பெயர் மேற்கோளாக வருகிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் வருவதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் பலர் நிலையான கூலி தேடி நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அவர்கள் கட்டும் அடுக்ககங்களின் கழிவுநீர் அதே கால்வாய் வழியே திரும்பி வருகிறது. அதன் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் கரையில் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள்.

மதகின் உயரத்தைப் பொறியாளர் அளந்து சொல்லிவிடலாம். எந்தக் காலையில், எந்த நிறத்து நீருக்கு, எவ்வளவு திறப்பது என்பதைச் சொல்லக் கரையில் ஓர் ஆள் நின்றாக வேண்டும். அவர் போன பிறகும் மதகு ஏறும், இறங்கும். அப்போது அதன் முன் நகரத்தின் கணக்கு ஒன்று மட்டுமே நிற்கும்.