நான்கு விரல் தண்ணீர்

"கால வச்சுப் பாருங்க தம்பி, இழுக்குதா?"

குளத்தின் உபரிநீர் வழியும் மறுகாலின் கற்களுக்கு நடுவே முழங்கால் நீரில் நின்றேன். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அண்ணாச்சி குதிகாலை மெல்ல நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார். வைக்கோலைப் புரியாக முறுக்கிப் பலகைக்கும் கல்லுக்கும் இடையே திணித்தார். மேலே ஒரு களிமண் உருண்டையை வைத்து நன்றாக மிதித்தார். மறுபக்கம் நூலாய் ஒழுகிக்கொண்டிருந்த கசிவு நின்றுபோனது.

அண்ணாச்சி நீர்ப்பாய்ச்சி. தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் ஒன்று கன்னடியன். அங்கே பிரியும் கால்வாயால் நிரம்பும் குளங்களில் ஒன்றில் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. முன்பெல்லாம் கூலி நெல்லாகத்தான் வந்ததாம், விதைப்பாட்டுக்கு இவ்வளவு என்று களத்திலேயே அளந்துவிடுவார்கள். இப்போது பணம். அதுவும் மூன்று தடவை கேட்ட பிறகுதான்.

குளத்தை மீட்க வேண்டும் என்று கிளம்பிய சிலரோடு நானும் போயிருந்தேன். மீட்பது என்றால் சீமைக்கருவேலத்தை வெட்டுவது, ஆகாயத்தாமரையை அள்ளுவது, பொக்லைன் வைத்துத் தூர்வாருவது என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணாச்சி சிரித்தார். "தோண்டித் தோண்டிக் கிணறாக்கிப் போட்டா கொக்கு எங்கன நிக்கும்?"

அவர் கை காட்டியது உள்வாயை. குளம் பெருகும்போது முழுகி, வற்றும்போது மெல்ல மெல்ல வெளியே வரும் சரிவு அது. அரிவாள் மூக்கனும் நெடுங்கால் உள்ளானும் இரை பொறுக்கக் கணுக்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை கிடைப்பதும் அந்தச் சேற்றில்தான். சிக்கல் என்னவென்றால், அங்கேதான் வயலும் இருக்கிறது. சில துண்டுகளுக்குப் பட்டா உண்டு, சில வெறும் அனுபவம். மறுகாலில் பலகை போட்டு நான்கு விரல் உயர்த்தினால் கரைக்குக் கீழே பிசான நெல் கடைசிவரை விளையும், மேலே உள்வாய்க்காரரின் நடவு அழுகும். அதனால் இருட்டில் பலகை காணாமல் போகும். பிறகு இரண்டு தரப்பும் திட்டுவது அண்ணாச்சியை.

2007-இல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. பட்டா நிலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, உரிமைக்காரர் சம்மதித்தால்தான் தண்ணீர் நிற்கும். அந்தச் சம்மதத்தை ஆபீஸில் உட்கார்ந்து வாங்க முடியாது.

மடையடியில் பதினைந்து பேர் கூடினார்கள். எங்கள் ஆள் ஒருவர் பறவைப் படங்களை விரித்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணாச்சி ஒரு கம்பை எடுத்து மண்ணில் கோடு கிழித்தார். தண்ணீர் எந்த வாரம் எந்த வரப்பை விட்டு இறங்கும் என்று ஒவ்வொரு வயலாகச் சொன்னார். நெல்லை விட்டுவிட்டு, ஈரம் காயும்போது உளுந்து விதைத்தால் யாருக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்பதும் அதில் வந்தது. கீழ்வயல்காரர்கள் உளுந்து விதையைத் தங்கள் செலவில் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். வெகுநேர இழுபறிக்குப் பிறகுதான் அதுவும்.

ஒருவர் மட்டும் அசையவில்லை. "எம் புள்ள படிப்புச் செலவு உளுந்துல வருமா அண்ணாச்சி?" என்று எழுந்து போனார். அவருடைய வயல்தான் எல்லாவற்றிலும் பள்ளம்.

மாலையில் மறுபடியும் மறுகாலுக்குப் போனோம். நாலாவது பலகை கரைமேல் கிடந்தது. "இன்னைக்குப் போடலியா?" என்றேன்.

"அவன் நெல்லு பால் புடிச்சிருக்கு. அறுக்கட்டும்," என்றார், கால் சேற்றைக் கழுவிக்கொண்டே.