பக்கத்துக் கட்டத்தில் லிடியா

பிலிப்பைன்ஸின் ஓட்ட வீராங்கனை லிடியா டி வேகா 2022 ஆகஸ்ட் 10 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வயது 57. பாலிகஞ்சில் ஒரு மாடி ஃபிளாட்டில் கைபேசியில் இந்தச் செய்தியைப் படித்த மகளுக்கு, அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தயக்கம். எண்பத்தைந்தைத் தாண்டிய பெரியவருக்குச் சமீப காலமாக மறதி அதிகம். ஆனால் லிடியாவை மறக்க வழியில்லை. நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் அது கிட்டத்தட்ட ஒரு வசவுச் சொல்.

கும்பகோணத்திலிருந்து மத்திய அரசு வேலைக்காகக் கல்கத்தா வந்தவர் அவர். கறிவேப்பிலைக்கு லேக் மார்க்கெட், மீதி எல்லாவற்றுக்கும் கரியாஹாட் என்று செட்டிலாகிவிட்டார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில்தான் வினை ஆரம்பம். 100 மீட்டரில் லிடியா 11.76 வினாடி, பி.டி. உஷா 11.95. அன்றே பழைய ஆபீஸ் டைரி ஒன்றில் இரண்டு கட்டம் போட்டார்: ‘உ’, ‘லி’. இருவரும் 1964இல் பிறந்தவர்கள், உஷா ஆறு மாதம் மூத்தவர் என்பதும் அதில் உண்டு.

1985 ஜகார்த்தா ஆசியத் தடகளத்தில் உஷாவுக்கு ஐந்து தங்கம். 100 மீட்டரும் அதில் அடக்கம். வீட்டில் பாயசம். அடுத்த ஆண்டு சியோல். பூஜைப் பந்தல்களுக்குத் தெருவெல்லாம் மூங்கில் கட்டிக்கொண்டிருந்த நாட்கள். 100 மீட்டரில் மறுபடி லிடியா: 11.53. உஷா 11.67. பெரியவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளி மாணவியாக இருந்த மகளுக்கு உள்ளூர சந்தோஷம். அப்பா திட்டத் திட்ட, அந்தப் பெண் மீது அவளுக்கு ஒரு பிரியம் வந்துவிட்டிருந்தது.

பிறகு 200 மீட்டர். உஷாவுக்குப் புறப்பாடு எப்போதும் சற்று மந்தம். 100 மீட்டரில் அதை ஈடுகட்ட நேரம் போதாது. 200இல் வளைவு தாண்டியும் நீண்ட நேர்பாதை இருக்கிறது. அங்கே வேகத்தைக் கூட்டுபவர் யாருமில்லை. யார் தாமதமாகத் தளர்கிறார் என்பதுதான் போட்டி. 400 மீட்டருக்குப் பழகிய கால்கள் அங்கே கைகொடுக்கும். உஷா 23.44, லிடியா 23.47. தூரத்தில் கணக்குப் போட்டால் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால். சியோலிலிருந்து நான்கு தங்கத்துடன் உஷா திரும்பினார். அவற்றில் இந்த ஒரு சாண்தான் பெரியவருக்கு முக்கியம். மற்ற மூன்றைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

1987 சிங்கப்பூரில் 100, 200 இரண்டுமே லிடியாவுக்கு. டைரியில் அந்தப் பக்கம் மட்டும் பென்சிலில் எழுதப்பட்டிருக்கிறது. பேனா மை வீண் என்று நினைத்தாரோ என்னவோ.

சாயங்காலக் காப்பியின்போது மகள் சொல்லிவிட்டார்.

“யாரு, நம்ம லிடியாவா?” என்றார் பெரியவர்.

‘நம்ம’ என்று அவர் சொல்லி அதுவரை மகள் கேட்டதில்லை. அலமாரியிலிருந்து டைரியை எடுத்துக் கொடுத்தார். சியோல் பக்கத்தைப் பெரியவர் தானே கண்டுபிடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இவ இல்லேன்னா அவ இவ்வளவு வேகமா ஓடியிருப்பாளாம்மா?” என்று கேட்டார். பிறகு பேனா வேண்டும் என்றார். ‘லி’ கட்டத்தின் அடியில் அன்றைய தேதியைக் குறிக்க வேண்டுமாம்.

கொடுத்த பேனா எழுதவில்லை. மகள் வேறு பேனா தேடப் போனார்.